கரைக்கும் கடைமடை உண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளை மணமுடித்துக் கொடுத்திருப்பது தரங்கம்பாடியை அடுத்த ஒரு கடலோர ஊரில். பத்து ஆண்டுகளுக்கு முன் வலை உலர்த்திய மணல்வெளி இன்று அலைக்குள் கிடக்கிறது. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) வேண்டும் என்று ஊர்மக்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தியின் தம்பியோ, அது வந்தால் வேறு வினை வரும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான்; எந்த ஊரில் நின்று பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. கடற்கரை மணல் கிடந்த இடத்திலேயே கிடப்பதுபோல் தோன்றினாலும், அது ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மேல்மடைக்காரர் அடைத்துக்கொண்டால் கடைமடை காய்கிறதல்லவா? அந்தக் கரையில் தெற்கு மேல்மடை, வடக்கு கடைமடை. ஓடுவது நீருக்குப் பதில் மணல்.

தூண்டில் வளைவு, பெயருக்கேற்ப, கடலைத் தடுப்பதைவிட மணலைப் பிடிப்பதையே செய்கிறது. அதன் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறத்து ஊருக்கு வரவேண்டிய மணல் குறையும். அலை அந்தக் கடனை அந்த ஊரின் கரையிலிருந்து வசூலித்துக்கொள்ளும். சென்னையில் 1876-இல் துறைமுகப் பணி தொடங்கிய பின்னர், அதன் தென்புறத்தில் மணல் தங்கித் தங்கித்தான் மெரினா இன்றைய அகலத்தைப் பெற்றது. வடபுறத்து இராயபுரமும் காசிமேடும் கரையை இழந்தன. மெரினாவில் காற்று வாங்குபவர்களில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஐயம் உண்டு.

புதுச்சேரியின் கதை இன்னும் அண்மையது. அங்கே 1986-க்கும் 1989-க்கும் இடையில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது, தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் இருந்தது. அது முறையாக நடைபெறவில்லை. நகரின் கடற்கரை கரைந்தது. நகரைக் காக்கக் கருங்கல் அரண் எழுந்தது. அரண் முடிந்த இடத்திற்கு வடக்கே தமிழகத்து மீனவர் குப்பங்களை அரிப்பு பிடித்துக்கொண்டது. கல் கொட்டுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டுவதால் கற்கள் சரிகின்றன. மீண்டும் கொட்ட வேண்டியதாகிறது. பின்னால் இருக்கும் சாலை பிழைக்கலாம், ஆனால் படகை இழுத்து ஏற்றக் கரை இராது. பின்னர் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஆப்பு வடிவிலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, மணலையும் கொட்டியது. அலையின் வேகம் தணிந்து, கற்களுக்கு முன்னால் மீண்டும் மணல் தென்பட்டது.

எனவே உங்கள் சம்பந்தி வீட்டார் மனுவில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். வளைவுகளுக்கு இடையே தொடக்கத்திலேயே மணல் நிரப்பப்படுமா? வடக்கே அடுத்த ஊரின் கரையை ஆண்டுதோறும் அளந்து, குறைந்தால் மணல் ஈடுசெய்யும் பொறுப்பு யாருடையது? இவற்றுக்கு விடை இல்லாமல் கல் மட்டும் வருமானால், நான் சம்பந்தியின் தம்பி பக்கம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306-இல் தரங்கம்பாடியில் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று என்பதையும், நம் ஊர் அரசனின் கணக்கில் வருவதால், சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: வைகையில் அணை கட்டி மணலையும் அள்ளியதால்தான் கடற்கரை அரிக்கிறது என்று ஒருவர் மேடையில் பேசினார். மெய்யா?
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: ஆறுகளைப் பொறுத்தவரை மெய், வைகையைப் பொறுத்தவரை மிகை. கரைக்கு மணல் கொடுப்பவை ஆறுகளே. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்ற பின், காவிரி சுமந்து வந்த மணலில் ஒரு பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. எஞ்சியதை ஆற்றுப் படுகையில் நாம் அள்ளிவிடுகிறோம். வைகையோ, 1959-இல் அணை திறக்கப்படுவதற்கு முன்பும், வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பிவிட்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயைக் கடந்து ஆற்றங்கரை என்னும் ஊரருகே மிச்சத்தைத்தான் கடலுக்குக் கொடுத்தது. சிவபெருமானுக்கு நஞ்சு கொடுத்த கடலிடம் போக மாட்டேன் என்று வைகை மறுத்துவிட்டதாகவே நம் முன்னோர் கூறினர். மணல் அள்ளுவதைக் கண்டிக்க நிலத்தடி நீர் ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: இராமேசுவரம் போகும்போதெல்லாம் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பார்க்கிறோம். உயரமான சுவர் இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்குமா?
– வாசகர், மானாமதுரை

பதில்: பிழைத்திருக்காது என்பதே என் கருத்து. 1964 டிசம்பர் 22 இரவு வந்தது வெறும் அலை அன்று. புயல் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் சற்று உயரும்; அதைவிடப் பெரிதாக, காற்று நீரை ஆழமற்ற கரைப்பகுதியை நோக்கித் தள்ளிக் குவிக்கும். உயர்ந்துவிட்ட அந்த நீரின் மேலேறித்தான் அலைகள் வருகின்றன. இருபுறமும் கடல் சூழ்ந்த குறுகலான மணல்திட்டில், எந்தப் பக்கம் சுவர் எழுப்புவது? அத்தகைய இடத்தில் உயிரைக் காப்பது முன்னெச்சரிக்கையும், வெளியேறும் வழியும், உயரமான புயல் பாதுகாப்பு மையமுமே. அத்திட்டின் கோடிக்கு அரிச்சல்முனை என்று பெயரிட்டவர்கள் அதன் குணத்தை அறிந்தே இட்டிருக்கிறார்கள்.

கேள்வி: சுவரே வேண்டாம், அலையாத்தி மரம் நட்டால் போதும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற சேறு படிந்த, அலை அடங்கிய கழிமுகங்களில் அது சிறந்த அரண். திறந்த மணற்கரையில் அலையாத்தி வேர்பிடிக்காது. அங்கே இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் படர்ந்து மணல்மேட்டைக் கட்டிப்பிடிக்க வேண்டும். விடுதி கட்டுவோர் முதலில் சமன்படுத்துவது அந்த மேட்டைத்தான். மன்னார் வளைகுடாவின் அரண் பவளப்பாறை. சுண்ணாம்புக்காக அதை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தோம். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது நீருக்கடியில் இருக்கின்றன.