அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கு ஓர் ஓட்டக் குழு: தோழிக்கு நான் எப்படி உதவலாம்?

கேள்வி: அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். என்னுடன் பணிபுரியும் செவிலியர் ஒருவர் கறுப்பினத்தவர், நாற்பது வயதைக் கடந்தவர். அருகிலுள்ள ஓட்டச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். முதல் மைல் முடிவதற்குள் எல்லோரும் அவரை விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். சில வாரங்களில் நின்றுவிட்டார். இப்போது தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து, அரை மாரத்தான் வரை பயிற்சி செய்யும் குழு ஒன்றைத் தொடங்க நினைக்கிறார். ஏற்பாடுகளில் என் உதவியைக் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது? தமிழ்ப் பெண்ணான நான் அதில் இருக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அவரே அழைத்திருக்கிறார், தாராளமாக இருங்கள். ஆனால் நாள், பாதை, வேகம், யாரைச் சேர்ப்பது ஆகியவற்றை அவரும் அந்தப் பெண்களும் முடிவு செய்யட்டும். பெயர்ப் பட்டியல், காப்பீட்டுப் படிவம், தண்ணீர்க் குடுவை போன்றவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டக் குழுக்களில் ஆள் கிடைக்காத வேலைகள் இவைதான்.

"ஓடுவதற்குக்கூடத் தனிக் குழுவா?" என்று உங்கள் வீட்டிலேயே யாராவது கேட்கலாம். மர்லின் பெவன்ஸ் என்ற பால்டிமோர்ப் பெண் 1975-இலேயே மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடினார். அதைச் செய்த முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் அவர். 1977-இல் பாஸ்டன் மாரத்தானில் பெண்களில் இரண்டாவதாக வந்தார். ஓட்டக்காரர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது. 2009-இல் டோனி கேரி, ஆஷ்லி ஹிக்ஸ் என்ற இரு தோழிகள் 'பிளாக் கேர்ல்ஸ் ரன்' அமைப்பைத் தொடங்கியபோது, நகரத்துக்கு நகரம் பெண்கள் அதில் திரண்டார்கள். ஓட ஆசையில்லாமல் அவர்கள் அதுவரை வீட்டில் இருக்கவில்லை. சேர்ந்து ஓட ஆள் இல்லாமல் இருந்தார்கள். உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2020 பிப்ரவரி 23 அன்று பிரன்ஸ்விக் அருகே ஓடிக்கொண்டிருந்த அகமத் ஆர்பரி என்ற 25 வயது இளைஞரை வெள்ளையர் மூவர் வண்டிகளில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த சனிக்கிழமை அட்லாண்டாவில் ஒலிம்பிக் மாரத்தான் தேர்வு ஓட்டம் கோலாகலமாக நடந்தது. ஆர்பரியின் பெயரை அன்று வெளியுலகம் அறியாது. தெரியாத தெருவில் தனியாக ஓடு என்று உங்கள் தோழியிடம் நீங்கள் சொல்வதற்கும் என்னிடம் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் தோழி பழைய சங்கத்தை விட்டதற்குக் காரணம் பின்தங்கியது. புதிய குழுவிலும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். அன்பாகப் பேசுவதால் அது சரியாகாது. நான் பரிந்துரைப்பது நேரத்தை வைத்துத் திரும்பும் முறை. எல்லோரும் ஓரிடத்தில் புறப்பட்டு ஒரே பாதையில் இருபது நிமிடம் போகிறார்கள். இருபதாவது நிமிடம் கடிகாரம் ஒலித்ததும் அவரவர் இருக்கும் இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். வேகமானவர் இரண்டு மைல் போயிருப்பார், மெதுவானவர் ஒன்றேகால் மைல். திரும்பும் வழியில் மெதுவானவர் முன்னே இருப்பார், வேகமானவர் அவரை எட்டிப்பிடிக்க வருவார். நாற்பதாவது நிமிடம் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கிய இடத்தில் நிற்பார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்க வைத்தோமே என்ற கூச்சமும் இல்லை. இதற்கு மேலும், கடைசியில் வருபவருடன் கூடவே ஓட ஒருவரை வாராவாரம் முறைவைத்து நியமியுங்கள்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்தால் போதும். இந்த ஓட்ட-நடை முறையை 1970-களில் பரப்பிய ஜெஃப் காலோவே உங்கள் அட்லாண்டாக்காரர்தான், ஒலிம்பிக்கில் ஓடியவர். நடப்பது தோல்வி என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தகவல் உதவும்.

அடுத்தது தலைமுடி. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். 2011-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த ரெஜினா பெஞ்சமின், அட்லாண்டாவில் நடந்த சிகையலங்காரக் கண்காட்சிக்கே வந்து, முடி கெட்டுவிடுமே என்று உடற்பயிற்சியைத் தவிர்க்காதீர்கள் என்று பேசினார். கறுப்பினப் பெண்களின் முடியைப் பின்னவோ நேராக்கவோ பல மணி நேரமும் நிறையப் பணமும் ஆகும். ஒருநாள் வியர்வை அதைக் குலைத்துவிடும். ஆகவே நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமை அதிகாலையில் வையுங்கள். பிற்பகலில் முடியைக் கழுவிச் சீர்செய்ய நேரம் இருக்கும், ஞாயிறு தேவாலயத்துக்கும் இடையூறு இல்லை. வார நாள் ஓட்டங்கள் குறுகியவையாக, அதிகம் வியர்க்காத வேகத்தில் இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: யாருடைய முடியையும் தொட்டுப் பார்க்காதீர்கள், வியந்து கேள்வி கேட்காதீர்கள்.

உடல்நலத்தில் இரண்டைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஐம்பது வயதுக்குள் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்பையில் நார்க்கட்டிகள் உருவாகின்றன என்று அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. எல்லோருக்கும் தொந்தரவு தராது. தந்தால், மாதவிடாயில் அதிக இரத்தம் போய் இரும்புச்சத்து குறையும். பயிற்சி செய்தும் முன்னேறவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் "இன்னும் முயன்று பார்" என்று சொல்லாதீர்கள். ஹீமோகுளோபினுடன், உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, சிக்கிள் செல் மரபுக்கூறு. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கும் மரபணு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கும் நிலை இது. நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் இது உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 13 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. இருப்பவர்கள் தாராளமாக ஓடலாம். பழக்கமில்லாத கடும் வேகமும் ஜார்ஜியாவின் புழுக்கமும் சேரும்போதுதான் ஆபத்து. பயிற்சியை மெல்ல உயர்த்துங்கள், தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கால்கள் திடீரெனத் துவண்டாலோ கடுமையாக வலித்தாலோ அதைச் சாதாரணத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பாதைக்கு சில்வர் காமெட் தடம் பொருத்தமானது. பழைய ரயில் பாதை. ஸ்மர்னாவிலிருந்து அலபாமா எல்லை வரை அறுபது மைலுக்கு மேல், பெரும்பாலும் சமதளம், நான் சொன்ன திரும்பும் முறைக்கு ஏற்றது. நகருக்குள் என்றால், நகரைச் சுற்றி அமைந்த பெல்ட்லைன் நடைதடம். கூட்டம் சேருமுன் முடித்துவிடுங்கள். ஸ்டோன் மவுண்டனை மட்டும் நீங்களாக முன்மொழிய வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர்கள் மூவர் அந்தப் பாறையில் பிரம்மாண்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு 1915-இல் மீண்டும் உருவானதும் அந்த மலை உச்சியில்தான். அங்கே ஓடும் கறுப்பினத்தவர் நிறைய உண்டு, ஓட விரும்பாதவர்களும் உண்டு. தோழிகள் சொல்லட்டும்.

முதல் மூன்று மாதம் இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு பேர்தான் வந்தாலும் ஓட்டம் நடக்க வேண்டும். இரவுப் பணி முடிந்து அரைமனதாக வருபவர், அங்கே யாராவது நிற்பார்கள் என்று நம்ப வேண்டும். இருபது பேர் சேர்ந்ததும் ரோடு ரன்னர்ஸ் கிளப் ஆஃப் அமெரிக்காவில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்கள். குழுவுக்கான விபத்துப் பொறுப்புக் காப்பீடு அதன் வழியாகக் கிடைக்கும்.

இலக்கைப் படிப்படியாக வையுங்கள். வசந்தத்தில் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டம், ஜூலை 4 அன்று பீச்ட்ரீ 10 கிலோமீட்டர், நவம்பர் இறுதியில் நன்றி நவிலல் நாளன்று நடக்கும் அரை மாரத்தான். பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முடிக்கும் கால வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். அரை மாரத்தான் 13.1 மைல்; அதற்கு உங்கள் குழுவில் மிக மெதுவானவரின் மைல் நேரத்தை 13.1 ஆல் பெருக்கி, கழிப்பறை வரிசைக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் வேறு ஓட்டத்தைத் தேடுங்கள்.