பெரிய நிறுவனங்கள் பணமும் ஆளும் இருந்தும் சின்னப் போட்டியாளர்களிடம் ஏன் திணறுகின்றன?

நீங்களும் ஒரு பெரிய கம்பெனிக்குள் மாட்டிக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உடனே "அங்கே யாரும் வேலை செய்ய மாட்டார்கள்" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

ஒரகடம் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். கன்வேயர் மோட்டாரில் பேரிங் போய்விட்டது. என்ன நம்பர், பாரிமுனையில் எந்தக் கடையில் இருக்கும் என்பதெல்லாம் எங்கள் ஃபிட்டருக்கு அத்துப்படி. ஆனால் இன்டென்ட், அதாவது பொருள் கேட்டு எழுதும் சீட்டு, போட வேண்டும், மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், அந்த மாத பட்ஜெட் தாண்டியிருந்ததால் தலைமை அலுவலகத்தில் ஒருவர் அப்ரூவ் செய்ய வேண்டும், அவரோ லீவு. லைன் நின்றது. பேரிங் விலை எங்கள் துறைக் கணக்கில் வரும். லைன் நின்ற நஷ்டம் யார் கணக்கிலும் வராது. இப்போது இருக்கும் அம்பத்தூர் பட்டறையில் இரண்டுமே முதலாளி பாக்கெட்டிலிருந்துதான் போகிறது, அதனால் "வாங்கிட்டு வாப்பா, பில்லை அப்புறம் கொடு" என்று போனிலேயே முடிந்துவிடும்.

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பர்ச்சேஸில் திருட்டு நடந்த இடத்தில்தான் மூன்று கொட்டேஷன் என்ற விதி வரும்.

விமானத் துறையிலும் பெரிதாக இருப்பதே சிக்கலானது, ஆனால் வேறு விதத்தில். 2006-ல் பறக்க ஆரம்பித்த இண்டிகோ பல வருடங்கள் ஏர்பஸ் ஏ320 மட்டுமே வைத்திருந்தது. எந்த பைலட்டும் எந்த விமானத்துக்கும் போகலாம், ஸ்பேர் பார்ட்ஸும் ஒன்றுதான். 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைந்த ஏர் இந்தியாவிடம் போயிங்கும் ஏர்பஸ்ஸும் ரகரகமாக இருந்தன, போதாததற்கு யார் சீனியர், யாருக்கு என்ன சம்பளம் என்ற சண்டை வேறு. அதைத் தீர்க்க 2011-ல் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் கமிட்டியே போட வேண்டி வந்தது. அது அப்போது அரசு நிறுவனமாச்சே என்பீர்கள். சரி, அரசின் தலையீடும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு பேரிங் வாங்க இவ்வளவு யோசிக்கும் பெரிய கம்பெனிகள் எங்களைப் போன்ற சப்ளையர்களுக்குப் பணம் தருவதில் அதைவிட மெதுவாக இருக்கின்றன. சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. சரக்கு போய்ச் சேர்ந்தும் "குவாலிட்டி பார்க்கிறோம்" என்று ஜிஆர்என், அதாவது சரக்கு வந்து சேர்ந்தது என்ற ரசீது, போடாமல் இழுக்கிறார்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் டெலிவரி ஆன நாளிலிருந்தே கணக்கு என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்ற பயத்தில் எங்கள் முதலாளி ஓடிக்கு (பேங்க் ஓவர்டிராஃப்ட் கடனுக்கு) வட்டி கட்டிச் சம்பளம் போடுகிறார்.