வாசகர் கேள்வி: முறிவதற்கு முன் அடையாளம் தெரியுமா?

கேள்வி: அரசு, வியாபாரம், இயற்கை என்று எங்கு பார்த்தாலும் நெருக்கடி என்கிறார்கள். ஒன்று முறியப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். ஆனால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் தெரியாது.

உலோகக் கம்பிகளை இழுத்துச் சோதிக்கும் ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். எஃகுக் கம்பியை எந்திரத்தில் இரண்டு முனையிலும் கவ்வி இழுப்போம். ஓரளவு வரை, விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டினால் திரும்பாது. இன்னும் இழுத்தால், சுமையைக் காட்டும் முள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும். புதிதாக வந்த பையன்கள், "சார், சுமை குறையுது!" என்பார்கள். "முள்ளை விடு தம்பி, கம்பியைப் பார்" என்பேன். கம்பியில் ஓரிடம் மட்டும் மெலிந்திருக்கும். மொத்த இழுப்பையும் அந்த மெலிந்த இடம்தான் தாங்கிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் படாரென்று அறுந்துவிடும். முறிந்த முனையைத் தொட்டால் சுடும்.

வியாபாரத்திலும் இதே கதைதான். 2008 மார்ச்சில் தள்ளாடிய பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியைக் கைதூக்கிவிட்ட பிறகு அமெரிக்கப் பங்குச் சந்தை மே வரை ஏறியது. ஆபத்து நீங்கியது என்று பலர் நம்பினார்கள். அது முள் இறங்கிய நேரம்; சுமை குறைந்தது போலத் தோன்றியது, அவ்வளவுதான். மெலிந்த இடம் வேறு: வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டிக்கும் மத்திய வங்கியின் வட்டிக்கும் உள்ள இடைவெளி 2007 ஆகஸ்டிலேயே எகிறியிருந்தது, பழைய நிலைக்கு இறங்கவே இல்லை. அடுத்த வங்கியை நம்ப யாரும் தயாராக இல்லை. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது.

அரசுகளில் நான் முதலில் கேட்பது, சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதைத்தான். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய வருடமான 1788இல் பிரெஞ்சு அரசின் செலவில் ஏறக்குறைய பாதி பழைய கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. பிரபுக்களுக்கும் மதகுருக்களுக்கும் முக்கியமான வரிகளில் விலக்கு. மறுக்க வழியில்லாதவர்கள் தலையில்தான் எல்லாம் விழுந்தது. அந்த வருடம் விளைச்சலும் பொய்த்தது. மதகுருக்கள், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும், 1614க்குப் பிறகு கூடாத பேரவையை 1789 மே மாதம் அரசர் கூட்டியபோது மெலிய இடமே மிச்சமில்லை.

கேள்வி: மரங்களிலும் இப்படி உண்டா?

உண்டு. இலையிலிருந்து ஆவியாகும் நீர்தான் வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. மண் காய்ந்தால் இழுப்பு கூடி, தண்டுக்குள் நீர்த்தாரை அறுந்து, குழாய்க்குள் காற்றுக் குமிழி அடைத்துக்கொள்ளும். அப்போது எழும் மெல்லிய 'டிக்' ஒலி நம் காதுக்கு எட்டாது, கருவிகளில் பதிவாகும். அடைபட்ட குழாயின் வேலை மற்ற குழாய்கள் மேல் விழுகிறது. இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும்.

கேள்வி: என் மகள் பாடுகிறாள். மேல் ஸ்தாயியில் நன்றாகத்தான் பாடுகிறாள், ஆனால் கச்சேரி முடிந்தால் தொண்டை கட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

இறுக்கம் இல்லாமல் சங்கீதமே இல்லை. ஒரு பியானோவின் 230 சொச்சம் தந்திகள் சேர்ந்து இழுக்கும் விசை 20 டன்னை நெருங்கும். வார்ப்பிரும்புச் சட்டம் அதைப் பகிர்ந்து தாங்குவதால் அது வருடக்கணக்கில் நிற்கிறது. குரல்நாண்களுக்கு அப்படிச் சட்டம் கிடையாது. அழுத்திப் பாடும்போது அவை ஒரே இடத்தில் மோதி மோதி, அங்கேதான் தடிக்கின்றன.

உரத்துப் பாடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரக்கப் பாடினால் குறை மறைந்துவிடும். அதே மேல் ஸ்வரத்தை மிகச் சன்னமான குரலில் பாடச் சொல்லுங்கள். ஒலி தாமதமாகப் பிறந்தாலோ, நடுவில் வெறும் காற்று வந்தாலோ கச்சேரிகளைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி, குரல்நாணைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியுமே போதும், அறுவை சிகிச்சை வரை போகாது.