ரெண்டு ஓட்டையா, மூணு ஓட்டையா? ரோடு பைக் பெடல், ஷூ: கேள்வி பதில்

வணக்கமுங்க. பெடல், ஷூ பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாய்விட்டுவிட்டேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு ஊரிலிருந்து. சிங்காநல்லூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நானும் ஓட்டுகிறேன். காலுக்கும் கிராங்குக்கும் (பெடல் மாட்டுகிற தண்டு) நடுவில் இருப்பதைத் தவிர வேறெதையும் கேட்டால் கை விரித்துவிடுவேன்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: அண்ணா, புது ரோடு பைக் எடுத்தேன், பெடலே வரவில்லை. கடையில் எஸ்பிடியா, எஸ்பிடி-எஸ்எல்லா என்கிறார்கள். எது வாங்கட்டும்?

பெடலைப் பார்க்காதீங்க தம்பி, ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். ரெண்டு ஓட்டை இருந்தால் எஸ்பிடி. ஷிமானோ கம்பெனி 1990ல் மலைப்பாதை சைக்கிளுக்காகக் கொண்டு வந்தது. கட்டைவிரல் அகலத்தில் இரும்புக் கிளீட் (ஷூ அடியில் திருகி, பெடலில் பூட்டிக்கொள்கிற துண்டு), ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். மூன்று ஓட்டை இருந்தால் எஸ்பிடி-எஸ்எல் அல்லது லுக். பெரிய பிளாஸ்டிக் முக்கோணம், அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூட்டு செய்துகொண்டிருந்தது. அதே யோசனையை 1984ல் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அதைப் போட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார்.

சரி, உங்களுக்கு எது? வண்டியை விட்டு எத்தனை தடவை இறங்குவீர்கள் என்பதுதான் கணக்கு. நம்ம ஊரில் 40 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு பேக்கரியாவது உண்டு. மூன்று ஓட்டை ஷூவோடு பேக்கரிப் படியேறுகிறவரைப் பாருங்கள், குதிகாலில் வாத்து மாதிரி நடப்பார். தரை டைல்ஸ், அதில் யாரோ சிந்திய டீ. ஒரு முறை என் கண் முன்னாலேயே ஒருவர் தேங்காய் பன் தட்டோடு சறுக்கிப் போய்க் கண்ணாடி அலமாரியைக் கட்டிப் பிடித்து நின்றார். பன் தப்பித்தது, கிளீட்டின் மூக்கு உடைந்தது.

அதனால் முதல் பெடலுக்கு எஸ்பிடிதான் சொல்வேன். ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டையாக வருகிற மாடல் (ஷிமானோ இஎச்500 மாதிரி) எடுத்தால் சாதாரணச் செருப்போடு கடைக்கும் போய் வரலாம். 200 கிலோமீட்டர் பிரெவேக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். அதில் இறங்கி நடக்கிற நேரமும் சேர்த்தி. அங்கேயும் எஸ்பிடி போட்டவர்கள் நிறைய.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: முதல் நாள் ரோட்டுக்குப் போகாதீர்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழட்டி மாட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 50 தடவை.

கோபியிலிருந்து ஒரு அம்மணி: கிளிப்லெஸ் என்கிறார்கள், ஆனால் காலைக் கிளிப் செய்கிறதே?

முன்காலத்தில் விரலைக் கூண்டு மாதிரி ஒரு கம்பிக்குள் விட்டு வார் போட்டு இறுக்குவார்கள். அந்தக் கூண்டுக்குப் பெயர் டோ கிளிப். இந்தப் பூட்டுப் பெடலில் அது இல்லாததால் கிளிப்லெஸ். பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

பொள்ளாச்சி: பழைய பெடல் கழலவே இல்லை. வலது வந்துவிட்டது. இடதுக்கு ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் பார்த்துவிட்டேன்.

அய்யோ சாமி. இறங்குங்க முதல்ல. இடது பெடலின் மரை தலைகீழ். நீங்கள் கழட்டவில்லை, உங்கள் முழு எடையையும் போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்பேனர் நேராக மேல்நோக்கி நிற்கட்டும். அதை முன்சக்கரம் பக்கம் இழுத்தால் இறுகும், பின்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும். ரெண்டு பெடலுக்கும் இதே விதி.

ஏன் தலைகீழ் என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பென்சிலை எடுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி அதற்குள் லூசாக விடுங்கள். மறுமுனையைப் பிடித்து, பென்சில் வளையத்தின் ஓரத்தை அழுத்தியபடி வட்டம் போடுங்கள். நீங்கள் வலப்பக்கம் சுற்றினால் பென்சில் இடப்பக்கம் மெல்ல உருளும். கிராங்க் ஓட்டைக்குள் பெடல் அச்சும் மிதிக்கிற பாரத்தில் இப்படித்தான் உருளப் பார்க்கிறது. ரெண்டு பக்கமும் சாதா மரை போட்டால் இடது பெடல் தானாகக் கழன்று ரோட்டில் விழும்.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்று கையாலேயே ஏற்றுங்கள். அலுமினியக் கிராங்கில் கோணலாக ஏற்றினால் மரை போச்சு. கணபதிப் பக்கம் லேத்தில் புது மரை வெட்டிப் புஷ் போட்டுத் தருவார்கள், ஆனால் அந்தச் செலவு எதற்கு?

கரூர்: எஸ்பிடியா, எஸ்பிடி-எஸ்எல்லா?

திருப்பூர் தம்பிக்குச் சொன்னதே.

உடுமலை: ஆன்லைனில் ஷூ வாங்கலாமா? எனக்கு 8ஆம் நம்பர்.

8 என்பது யாருடைய 8? சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சாயங்காலம், சாக்ஸ் போட்டுக்கொண்டு, சுவரில் குதிகால் ஒட்டி நின்று. காலையில் அளந்தால் கால் வீங்கியிருக்காது. மே மாதம் ரெண்டு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் ஷூ எவ்வளவு கடிக்கும் என்று தெரியும். அப்புறம், செருப்பிலேயே வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். நீளம் சரி, அகலம் பத்தவில்லை என்றால் ஒரு சைஸ் கூட்டாதீர்கள், குதிகால் உள்ளே ஆடும். அகலமான மாடல் என்று தனியாகவே வருகிறது, அதைக் கேளுங்கள். பெடலுக்குக் கொடுக்கிற காசைவிட ஷூவுக்குக் கூடக் கொடுங்கள். கார்பன் அடி வேண்டாம், நைலான் போதும்.

சென்னிமலை: எங்க அப்பாரு பெட்ஷீட் மூட்டை கட்டி, ரப்பர் செருப்போட ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு மிதிச்சுட்டுப் போனவருங்க. மூட்டையே ஒரு ஆள் கனம். உங்களுக்கெல்லாம் எதுக்குங்க எட்டாயிரம் ரூவா ஷூ?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி நீங்கள் சொல்வது சரி. அப்பாரு நடுப்பாதத்தை அகலமான ரப்பர் பெடலில் வைத்து, நிமிடத்துக்கு 50, 60 சுற்று நிதானமாக மிதித்திருப்பார். அதற்குப் பூட்டுத் தேவையே இல்லை. தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை, அவருடைய வேலைக்கு அதுதான் சரியான பெடல்.

இடையில் ஈரோட்டிலிருந்து: அண்ணா, கிளீட் போட்டால் காலை மேலே இழுக்கலாம், மிதிக்கும் பலத்தில் 30 சதவீதம் கூடும் என்று படித்தேன். அப்பாருவுக்கு அது கிடைக்கவில்லையே!

அந்த 30 சதவீதத்தைக் கண்டுபிடித்தவர் பெடல் விற்கிறவராகத்தான் இருப்பார். மேலே இழுப்பதற்கான தசை சின்னது, சீக்கிரம் களைத்துவிடும். 2007ல் ஓர் ஆய்வில் ஓட்டுநர்களை வேண்டுமென்றே மேலே இழுக்கச் சொன்னார்கள். விசை அழகாகச் சரியான திசையில் விழுந்தது, ஆனால் அதே வேலைக்கு உடம்பு செலவழித்த சக்தி கூடிவிட்டது. நல்ல ஓட்டுநர் இழுப்பதில்லை. ஏறுகிற காலின் பாரத்தை இறங்குகிற கால் சுமக்காத அளவுக்கு லேசாக்குகிறார், அவ்வளவுதான்.

சென்னிமலை: அப்ப நான் சொன்னதுதானே ஜெயிச்சுது?

முழுசா இல்லைங்க. 90, 100 சுற்றில் மிதிக்கும்போது கால் நழுவாமல் இருக்க வேண்டும். திம்பம் கொண்டை ஊசியில் எழுந்து நின்று மிதிக்கும்போதும், இறக்கத்தில் குழியில் விழுந்து எழும்போதும் பாதம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பூட்டு அதற்குத்தான். நெகிழாத ஷூ அடி எதற்கென்றால், பெடல் சின்னதாக இருக்கிறது, அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவ வேண்டும். அப்பாருவின் ரப்பர் பெடல் உள்ளங்கை அகலம், அதுவே அந்த வேலையைச் செய்துவிட்டது.

நாமக்கல்: மூன்று ஓட்டை ஷூவில் சிவப்புக் கிளீட் நல்லதா?

எந்தக் கம்பெனி சிவப்பு? பூட்டிய பாதம் பக்கவாட்டில் எவ்வளவு திரும்பும் என்பதைத்தான் நிறம் சொல்கிறது. ஷிமானோவில் சிவப்பு அசையவே அசையாது, 0 டிகிரி. நீலம் 2, மஞ்சள் 6. லுக்கின் கியோ மாடலில் சிவப்புதான் அதிகம் அசையும், 9 டிகிரி. சாம்பல் 4.5, கருப்பு 0. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். ஒன்றின் கிளீட் இன்னொன்றின் பெடலில் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு ஷிமானோ மஞ்சள் அல்லது லுக் சாம்பல்.

மேட்டுப்பாளையம்: கோத்தகிரி ஏறும்போது விரல் மரத்துப் போகிறது. முழங்காலும் வலிக்கிறது.

விரலுக்கு: முன்பக்க வாரைத் தளர்த்துங்கள், கிளீட்டை 3 மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்துங்கள். முழங்காலுக்கு: மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணத்தில் கிளீட்டை வையுங்கள். சீட் உயரத்தையும் பாருங்கள். அப்புறமும் வலித்தால் பிசியோதெரபிஸ்ட். நான் ஸ்பேனர் பிடிக்கிறவன்.

தாராபுரம்: எஸ்பிடியா, எஸ்எல்லா?

மேலே. எல்லாவற்றுக்கும் மேலே.

அவினாசி: சிக்னலில் கால் கழலவில்லை, விழுந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஹோப்ஸ் சிக்னலில் விழுந்தபோது டவுன் பஸ்ஸே சிரித்தது. ஒரு பாட்டி சன்னல் வழியாக, "கண்ணு, செருப்பு ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டார். எஸ்பிடி என்றால் 3 மில்லிமீட்டர் அலன் கீயால் பெடல் ஸ்பிரிங்கைக் கழித்தல் குறிப் பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். நின்ற பிறகு கழட்டாதீர்கள். பத்து மீட்டருக்கு முன்பே கழட்டிவிடுங்கள். சுவர், 50 தடவை. செய்தீர்களா?

சென்னிமலை (மறுபடி): கடைசியா ஒண்ணுங்க. அப்பாரு சைக்கிள் இன்னும் மாட்டுக் கொட்டாயில நிக்குது. ஓட்டலாம்னு பார்த்தா ஒரு பெடல் ஆடுது, மாத்தோணும், கழலவே மாட்டேங்குது.

இடதா?

சென்னிமலை: ஆமாங்க.

ராத்திரி எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் ஸ்பேனரைப் பின்சக்கரம் பக்கம் தள்ளுங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள், கோட்டர் பின் (ஆப்பு மாதிரி ஒரு முளை) அடித்துப் பிடித்திருக்கிற கிராங்க் அது, ஆட்டம் கொடுத்துவிடும். வரவில்லை என்றால் சிங்காநல்லூருக்குக் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம், பழைய ரப்பர் பெடலை எனக்குக் கொடுத்துவிடுங்கள்.