சூடோமோனாஸ் போட்டும் நாற்று சாய்வது ஏன்?

கே: முண்டு மிளகாய் விதையில் சூடோமோனாஸ் கலந்துதான் விதைத்தோம். அப்படியும் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. பொடி போலியா? (தேவிப்பட்டினம்)

ப: முதலில் பொட்டலத்தின் தேதியைப் பாருங்கள். சூடோமோனாஸ் என்பது உயிருள்ள பாக்டீரியா; அதைத்தான் டால்க் பொடியில் கலந்து விற்கிறார்கள். மூன்று, நான்கு மாதம் தாண்டினால் எண்ணிக்கை சரிந்துவிடும். வெயில் படும் இடத்தில் கிடந்தால் அதற்கும் முன்பே. நோயைத் தடுக்கும் பொருள் பொட்டலத்தில் இல்லை. பாக்டீரியா வேரில் குடியேறிப் பெருகிய பிறகுதான் டைஅசிட்டைல்புளோரோகுளூசினால், ஃபெனசின் போன்ற, நோய்க்கிருமியை அடக்கும் பொருட்களைச் சுரக்கும். கோதுமையின் வேர்நோய் ஒன்றில், ஒரு கிராம் வேருக்கு ஏறத்தாழ 1 லட்சம் பாக்டீரியா சேர்ந்த பிறகே நோய் அடங்கியது. அழுகல் கண்ட பின் தூவினால் பயன் குறைவு என்பது இதனால்தான்.

கிலோ விதைக்கு 10 கிராம் பொடி எடுத்து, நன்றாக ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசுங்கள். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். சூடான கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மேட்டுப்பாத்தி அவசியம். தண்ணீர் தேங்கினால், நாற்றழுகல் கிருமியான பித்தியத்தின் வித்துகள் நீந்தியே அடுத்த நாற்றுக்குப் போய்விடும். அதன்பின் எந்தப் பொடியாலும் ஈடுகொடுக்க முடியாது.

கே: சூடோமோனாஸை காப்பர் ஆக்ஸிகுளோரைடோடு ஒரே டேங்கில் கலக்கலாமா? (திருவாடானை)

ப: கூடவே கூடாது. தாமிரமும் ஸ்ட்ரெப்டோசைக்ளினும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள். இடையில் 15 நாள் விடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டித் தண்ணீரும் ஆகாது.

கே: எங்கள் கிணறு உப்புத் தண்ணீர். எதை வாங்குவது? (சாயல்குடி)

ப: பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாப் பொடியை வாங்குங்கள். உப்பு, வறட்சி, சூடு எல்லாவற்றையும் வித்தாக உறங்கியே கடந்துவிடும். ஈரம் வந்ததும் விழித்து, பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைக்கும் இட்டுரின், ஃபெஞ்சிசின் போன்றவற்றைச் சுரக்கும். ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, மழை பெய்து மண் நனைந்த பிறகு, வெயில் தாழ்ந்ததும் தூவுங்கள். காய்ந்த மணலில் போடுவது காசுக்குக் கேடு.

கே: மிளகாய் இலைச்சுருளுக்கு சூடோமோனாஸ் அடிக்கலாமா? (ஆர்.எஸ்.மங்கலம்)

ப: அது இலைப்பேன், சிலந்திப்பேன், வெள்ளைஈ பரப்பும் வைரஸ் ஆகியவற்றால் வருவது. இதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கே: தென்னை அடிமரத்தில் செம்பழுப்பாய்ச் சாறு வடிகிறது. (உச்சிப்புளி)

ப: தஞ்சாவூர் வாடலாக (கானோடெர்மா பூஞ்சையால் வரும் அடித்தண்டழுகல்) இருக்கலாம். மரத்துக்கு ஆண்டுதோறும் சூடோமோனாஸ் 200 கிராம், டிரைகோடெர்மா விரிடி (நோய்ப்பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) 200 கிராம், வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, தொழுவுரம் 50 கிலோ கலந்து வட்டப்பாத்தியில் இடுங்கள். உள்ளே முற்றிலும் அழுகிய மரம் தேறாது. அதைச் சுற்றி ஒன்றரை மீட்டர் தள்ளி, 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் பள்ளம் வெட்டி, அந்தப் பாத்தித் தண்ணீர் மற்ற மரங்களுக்குப் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.