ஜன்னல் பெயின்டில் காரீயம்: செலவு யார் தலையில்?

கேள்வி: கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் 1941இல் கட்டிய ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் உணவகச் சமையல்காரர். ஒன்றரை வயது மகளின் ரத்தத்தில் காரீயம் 7 மைக்ரோகிராம் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஜன்னல்களில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர்தான். "ஜன்னல் மாற்ற என்னிடம் ஏதும்மா பணம்? சனிக்கிழமை வந்து நானே சுரண்டிப் புது பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்கிறார். புகார் கொடுத்தால் காலி செய்யச் சொல்வாரோ என்று பயம். அரசு உதவி உண்டா?

பதில்: முதலில் அந்தச் சனிக்கிழமை வேலையை நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பழைய பெயின்டை உலர்ந்தபடியே சுரண்டினால் மாவு போல் பறந்து தரையெல்லாம் படியும், குழந்தை அதில்தான் தவழும். 1978க்கு முன் கட்டிய வாடகை வீட்டில், ஓர் அறையில் ஆறு சதுர அடிக்கு மேல் பெயின்டைக் கலைக்கிற வேலை என்றால், உரிமையாளரே செய்தாலும் அதற்கான சான்றிதழ் வேண்டும். இது மத்திய அரசின் விதி. இன்னொன்று, உதவித்தொகை தருகிற திட்டங்கள் பொதுவாகத் தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் தருவதில்லை. முடித்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் பயனில்லை.

"ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம்?" என்று என்னிடமே கேட்ட வீட்டுக்காரர்கள் உண்டு. சொம்பில் இருப்பது வெள்ளீயம், ஜன்னலில் இருப்பது காரீயம். பெயர்தான் ஒன்று. குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். உங்கள் மகளுக்கு அதைப்போல் இரு மடங்கு.

சரி, பணத்துக்கு வருவோம். சான் ஹோசே அடங்கிய உங்கள் சான்டா கிளாரா கவுண்டிதான் (நம் ஊர் மாவட்டம் போன்றது) 2000இல் காரீயப் பெயின்ட் விற்ற கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. மற்ற கவுண்டிகளும் நகரங்களும் சேர்ந்துகொண்டு பத்தாயின. வீடுகளில் உள்ள காரீயப் பெயின்ட் ஆபத்தை நீக்க 115 கோடி டாலர் தரச் சொல்லி 2014இல் தீர்ப்பு வந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 1951க்கு முன் கட்டிய வீடுகளோடு நிறுத்தியது. கடைசியில் 2019இல் ஷெர்வின்-வில்லியம்ஸ், கொனாக்ரா, என்எல் இண்டஸ்ட்ரீஸ் ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 30.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. உங்கள் வீட்டின் வயது அந்த வரம்புக்குள் வருகிறது.

இது தவிர ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளுக்கு மானியம் தருகிறது. அதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: வாடகை வீட்டுக்கு, குடியிருப்பவரின் வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். அது அந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உதவி பெறும் வாடகை வீடுகளில் பாதிக்காவது 50 சதவீதம்தான் வரம்பு. அதாவது, உங்கள் சம்பளச் சீட்டை வைத்து அவர் வீட்டுக்கு ஜன்னல் வரலாம். பதிலுக்கு, வேலை முடிந்து குறைந்தது மூன்று வருடம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்களுக்கு வாடகையில் அவர் முன்னுரிமை தர வேண்டும். எந்தத் திட்டம் இப்போது விண்ணப்பம் வாங்குகிறது என்று கவுண்டியில் கேளுங்கள். எதுவானாலும் உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் நகராது.

அவர் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். சோதனையில் காரீயம் என்று எழுத்தில் வந்துவிட்டால், இனி வருகிற ஒவ்வொரு வாடகைதாரருக்கும், வாங்குபவருக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். தெரிந்தே மறைத்தால் நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு கட்ட நேரலாம். "அப்படியானால் சோதிக்காமலே இருந்துவிடலாமே?" என்பார். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. கலிபோர்னியாவில் ரத்தப் பரிசோதனை முடிவை ஆய்வகமே மாநில சுகாதாரத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் ஒருநாள் கவுண்டியிலிருந்து போன் வரலாம்.

காலி செய்யச் சொல்வாரோ என்ற பயத்துக்கு: உடல்நலத்தைக் கெடுக்கிற காரீய ஆபத்து இருந்தால் வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்கிறது மாநிலச் சட்டம். அதைப் புகார் செய்ததற்காக 180 நாட்களுக்குள் காலி செய்யச் சொல்வதும் வாடகை ஏற்றுவதும் சட்டம் தடுக்கிற பழிவாங்கல். ஆனால் வாடகை பாக்கி இருந்தால் இந்தப் பாதுகாப்பு கையை விட்டுப் போகும். கோபத்தில் நீங்களாக வாடகையை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், சுகாதாரத் துறையிலிருந்து நர்ஸ் வந்தால் கண்மை, குங்குமம், ஊரிலிருந்து கொண்டு வந்த மஞ்சள்தூள் எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள். காரீயம் அவற்றிலும் இருக்கக்கூடும். விவகாரம் நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். ஜன்னல் பெயின்ட், ஜன்னலின் அடிக்கட்டையில் படிந்த தூசி இரண்டின் சோதனை முடிவும் கையில் இருந்தால் பதில் சொல்ல எளிது. அதுவரை ஜன்னலை ஏற்றி இறக்காதீர்கள். உரசலில்தான் தூசி கொட்டுகிறது. கட்டையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் வேண்டாம்.

வாய்ப்பேச்சை இன்றோடு எழுத்துக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப் போதும்: "அண்ணா, பாப்பாவுக்கு ரத்தத்தில் காரீயம் 7 வந்திருக்கிறது. ஜன்னல் பெயின்ட் உரிகிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து நீங்களாகச் சுரண்ட வேண்டாம். கவுண்டியில் இதற்கு உதவித்தொகை இருக்கிறதா என்று கேட்டு விண்ணப்பத்தை நான் வாங்கி வருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்."