பிரேக்கிங் பேட் முடிவே கச்சிதமாக இருக்கிறது, அப்புறம் எல் கமினோ எதற்கு?

பிரேக்கிங் பேட் தொடரைக் கடைசி எபிசோடு வரை பார்த்துவிட்டீர்கள், அந்த முடிவு மனதுக்கு நிறைவாக இருந்தது, இனி எல் கமினோ படத்தைப் பார்த்து அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் படத்தின் கதையைத் தொடாமல் முடியாது, அதனால் எதுவும் தெரியாமல் பார்க்க விரும்பினால் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2013 செப்டம்பரில் வந்த அந்தக் கடைசி எபிசோடு கச்சிதமாக முடிந்தது, போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கிய வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட்டுக்கு. பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வழி செய்தார், மனைவியிடம் முதல் முறையாக உண்மையைச் சொன்னார், தனக்குப் பிடித்த ஆய்வுக்கூடத்திலேயே செத்தும் போனார். அவருடைய பழைய மாணவனும் கூட்டாளியுமான ஜெஸ்ஸிக்கு என்ன கிடைத்தது? மாதக்கணக்கில் கூண்டில் சங்கிலியில் கிடந்தவன், ஒரு காரில் கதவை உடைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகக் கத்திக்கொண்டே போகிறான், அவ்வளவுதான். எங்கே போவான், கையில் காசு இருக்கிறதா, ராத்திரி தூங்க முடியுமா, எதுவும் நமக்குத் தெரியாது. 62 எபிசோடு கூடவே வந்த ஒருவனை அப்படி நடுரோட்டில் விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. 2019 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தப் படம் அந்த காரிலிருந்துதான் கதையைத் தொடர்கிறது. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே எழுதி இயக்கியது.

இதில் பெரிய திருப்பங்களை எதிர்பார்க்காதீர்கள். போலீஸ் தேடுகிறது, தப்பிக்கப் பணம் வேண்டும், பணம் அவனை அடைத்து வைத்திருந்த கும்பலைச் சேர்ந்த டாட் வீட்டில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, கதை இவ்வளவுதான். அந்த வீட்டை ஜெஸ்ஸி குடைவதை மேலிருந்து ஒரே காட்சியாகக் காட்டுவார்கள், எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அவன் தேடிக்கொண்டிருப்பது போல. ஆனால் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நடுவில் வரும் பழைய நாட்களுக்காக. தொடரில் ஜெஸ்ஸியின் சிறைவாசம் கொஞ்ச நேரமே வந்தது, நாமும் வால்டர் என்ன ஆனார் என்ற பதற்றத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டோம். படம் அங்கே நம்மை உட்கார வைக்கிறது.

டாட் தன் வீட்டைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணைக் கொன்றுவிட்டு, உடலைப் பாலைவனத்தில் புதைக்க ஜெஸ்ஸியைக் கூட்டிப்போகிறான். சிகரெட் தேடி காரைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி இருக்கிறது. ஜெஸ்ஸி எடுத்து அவனை நோக்கி நீட்டுகிறான். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை, சுட்டால் முடிந்தது. டாட் கோபப்படவில்லை, மிரட்டவும் இல்லை. திரும்பும்போது பீட்சா வாங்கலாமா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பொறுமையாகக் கையை நீட்டுகிறான். ஜெஸ்ஸி துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறான். தப்பிக்கப் பார்த்ததற்காக ஜெஸ்ஸியின் முன்னாள் காதலி ஆண்ட்ரியாவைக் கண்ணெதிரே சுட்டவர்கள் இவர்கள், அடுத்தது அவள் மகன் ப்ராக் என்று மிரட்டியவர்கள். அதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்தக் கை ஏன் கீழே இறங்கியது என்று யாரும் விளக்கவே வேண்டாம். ஜெஸ்ஸியாக நடித்த ஆரோன் பாலின் முகம் அந்தச் சில நொடிகளில் செய்வதை இந்த ஐந்து சீசன்களிலும் நான் பார்த்ததில்லை. டாட் முன்பைவிடப் பருமனாகத் தெரிகிறான், ஆறு வருட இடைவெளி வெளியே தெரிகிறது என்று பலர் குறை சொன்னார்கள். உண்மைதான், ஆனால் டாட் ஆக நடித்த ஜெஸ்ஸி பிளெமன்ஸ் அந்த மென்மையான குரலில் பேச ஆரம்பித்ததும் எனக்கு அது மறந்துபோனது.

வால்டரும் ஒரு காட்சியில் வருகிறார். இரண்டாம் சீசனில் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டு மீண்ட பிறகு இருவரும் ஒரு உணவகத்தில் சாப்பிடுகிறார்கள். நீ காலேஜ் போகலாமே, முதலில் பள்ளிப்படிப்பை முடி என்று வால்டர் அக்கறையாகச் சொல்ல, நான் முடித்துவிட்டேன், பட்டம் வாங்கும்போது நீங்கள் மேடையில்தான் நின்றீர்கள் என்கிறான் ஜெஸ்ஸி. தன்னிடம் படித்த பையனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர் அன்று அவன் மேல் உண்மையான பாசத்தோடுதான் பேசுகிறார், அதுதான் இன்னும் வலிக்கிறது. ஜெஸ்ஸியின் நண்பன் ஸ்கின்னி பீட் இதற்கு நேர் எதிர். பெரிய புத்திசாலி இல்லை, ஆனால் நண்பன் வந்து நின்றதும் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து, தலையிலிருந்த தொப்பியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, போலீஸ் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறான்.

எனக்கு ஒட்டாத இடம் ஒன்றே ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைப் புது அடையாளத்தோடு தலைமறைவாக்கும் எட், 1800 டாலர் குறைகிறது என்று ஜெஸ்ஸியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்தப் பணத்துக்காக வெல்டிங் கடையில் பழைய கௌபாய் படம் போல நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை. அந்தக் கடைக்காரன்தான் ஜெஸ்ஸியின் சங்கிலி ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் என்பதால் கதைக்கு அது தேவை, புரிகிறது. இருந்தாலும் சட்டைப்பைக்குள் இன்னொரு துப்பாக்கி என்ற தந்திரம் வால்டர் செய்யக்கூடியது, ஜெஸ்ஸியின் குணம் இல்லை.

எட் ஆக நடித்த ராபர்ட் ஃபார்ஸ்டர் படம் வெளியான அதே நாளில் காலமானார். காசு குறைந்தால் ஒரு டாலருக்கும் இறங்காத அந்த மனிதர், கடைசியில் ஜெஸ்ஸியை அலாஸ்காவில் விட்டுவிட்டுப் பேசும் விதத்தைக் கவனியுங்கள். ஜெஸ்ஸி அவரிடம் ஒரே ஒரு கடிதம் கொடுக்கிறான், ப்ராக்குக்கு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டவே மாட்டார்கள், எனக்கு அதுவே சரி என்று தோன்றியது.

தொடர் முடித்து ரொம்ப நாளாகிவிட்டது என்றால் கடைசி மூன்று எபிசோடுகளை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு இதைப் போடுங்கள், இரண்டு மணி நேரப் படம்தான். இதன் கிளைத்தொடரான பெட்டர் கால் சால் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை என்றால் அதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதன் கடைசி சீசனில் வால்டரும் ஜெஸ்ஸியும் திரும்ப வருகிறார்கள்.